ஸ்பீக்கரில் சார்ஜ் ஏறவில்லையா? குப்பையில் போடுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்

தைப்பூசத்தில் பால்குடம் ஏந்தி நடக்கும் குழுவின் முதுகுப்பையில், தாமான் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நடக்கும் பிறந்தநாள் விருந்தில், டியூஷன் வகுப்பில், தேவாரம் ஒலிக்கும் துக்க வீட்டில் என, கையடக்க ஸ்பீக்கர் இல்லாத நிகழ்ச்சியே நம்மிடையே இல்லை என்றாகிவிட்டது. பாட்டி சமையலறையில் மின்னல் எஃப்.எம். கேட்பதுகூடப் பல வீடுகளில் பேரன் ஒதுக்கிவிட்ட புளூடூத் ஸ்பீக்கரில்தான்.

இந்த ஸ்பீக்கர்கள் கெட்டுப்போகும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒலியில் குறை இருக்காது. ஆனால் ஒருநாள் கேபிளைச் செருகினால் விளக்கு எரியாது. அல்லது இரவு முழுக்க மாட்டி வைத்திருந்தும், காலையில் ஐந்து நிமிடம் பாடிவிட்டு அணைந்துவிடும். "பேட்டரி போச்சு" என்று வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்வார்கள். ஸ்பீக்கர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். அடுத்த மலிவு விற்பனையில் புதியது வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பைச் சொல்வதற்குக் கொஞ்சம் பொறுக்கலாம். சுவரிலிருந்து கிளம்பும் மின்சாரம் பேட்டரியை அடைவதற்குள் சுவர் பிளக், அடாப்டர், கேபிள், ஸ்பீக்கரின் சார்ஜ் துளை, உள்ளே இருக்கும் சர்க்கியூட் என்று ஐந்து இடங்களைக் கடக்க வேண்டும். பேட்டரி ஆறாவது. முதல் நான்கையும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அதுவும் அதிகம் அடிபடுவது அந்த நான்கில் இருக்கும் கேபிளும் துளையும்தான்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், அடாப்டர், பிளக் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி எது என்று கடைசிவரை தெரியாது. முதலில் அதே அடாப்டரில் வேறு கேபிள். பிறகு அதே கேபிளில் வேறு அடாப்டர். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருந்தால், அதை விட்டுவிட்டு நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது காத்திருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கேபிளில் வெளியே காயம் எதுவும் தெரியாது. மடங்கி மடங்கி, செருகும் முனைக்கு அருகில் உள்ளே கம்பி அறுந்திருக்கும். கையால் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் விளக்கு எரிந்து, விட்டால் அணைந்தால் அது கேபிளாகவோ துளையாகவோதான் இருக்கும். பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பசார் மாலாமில் வாங்கும் மலிவுக் கேபிள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே இருக்கும் செம்புக் கம்பி தலைமுடிபோல் மெல்லியதாக இருக்கும். சிறிய மின்னோட்டத்துக்கு அது போதும். ஆனால் பெரிய ஸ்பீக்கர் 2 ஆம்பியர் இழுக்கும்போது, அடாப்டரில் 5 வோல்ட்டாகப் புறப்பட்டது மறுமுனைக்கு வரும்போது 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நிறைய வேண்டுமென்றால் 4.2 வோல்ட் வேண்டும். அந்தக் கேபிளில் அது எப்படி நிறையும்?

புது சார்ஜரில் ஏறாது, பழைய சார்ஜரில் ஏறும்

இப்போது அடிக்கடி குழப்பம் தருவது இதுதான். ஸ்பீக்கரில் சி வகைத் துளை இருக்கிறது. கைப்பேசியோடு வந்த சார்ஜரிலும் சி வகைத் துளைதான். இரு முனையும் சி வகையாக உள்ள நல்ல கேபிள் கையில் இருக்கிறது. மாட்டினால் விளக்கு எரிவதே இல்லை. அதே கேபிளில் கைப்பேசி அருமையாகச் சார்ஜ் ஆகிறது. அப்படியென்றால் ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டுவது இயல்பு. ஆனால் மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய சார்ஜரை, அதாவது தட்டையான செவ்வகத் துளை கொண்டதை எடுத்து, ஸ்பீக்கரோடு பெட்டியில் வந்த குட்டைக் கேபிளை மாட்டினால் உடனே சிவப்பு விளக்கு எரிகிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பழைய தட்டைத் துளையில் 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். எதைச் செருகினாலும் கொடுத்துவிடும். சி வகைச் சார்ஜர் அப்படியில்லை. மறுமுனையில் இருப்பது மின்சாரம் வாங்கிக்கொள்ளும் கருவிதான் என்று உறுதியாகும்வரை அது ஒரு வோல்ட்டும் வெளியே விடாது. அந்த உறுதியைத் தருவது ஸ்பீக்கரின் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு குட்டி ரெசிஸ்டர்கள். 5.1 கிலோ ஓம் அளவில், அரிசிக் குருணையைவிடச் சிறியவை. விலையோ சில காசுதான். மலிவாகத் தயாரிக்கும் சில நிறுவனங்கள் அந்தச் சில காசையும் மிச்சப்படுத்தி, ரெசிஸ்டர் இல்லாமலேயே துளையை மட்டும் பொருத்திவிடுகின்றன. சார்ஜர் கதவைத் தட்டிக் கேட்கிறது, உள்ளிருந்து பதில் இல்லை, அதனால் மின்சாரமும் இல்லை.

ஸ்பீக்கரை அப்படி வடிவமைத்தவர்களைத் திட்டலாம். ஆனால் ஸ்பீக்கர் கெடவில்லை. ஒரு முனை தட்டை, மறுமுனை சி வகை என்று உள்ள கேபிளும், தட்டைத் துளை கொண்ட ஒரு சாதாரண அடாப்டரும் இருந்தால் அது தன் ஆயுள் முழுக்க ஓடும். அந்தக் கேபிளை ஸ்பீக்கரின் கைப்பிடியிலேயே கட்டி வைத்துவிடுங்கள் என்பேன். புதியவர் ஒருவர் வந்து வேறு கேபிளை மாட்டிப் பார்த்து, "இது போயிடுச்சு" என்று சொல்லாமல் இருக்க அதுதான் வழி.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. அந்த இரண்டு ரெசிஸ்டர்களில் ஒன்று மட்டும் வேலை செய்தாலோ, துளையின் ஒரு பக்கத் தொடுமுனை தேய்ந்திருந்தாலோ, சி வகைக் கேபிள் ஒரு பக்கமாகச் செருகினால் ஏறும், திருப்பிச் செருகினால் ஏறாது. எப்படிச் செருகினாலும் ஒன்றுதானே என்று நினைத்து நாம் திருப்பிப் பார்ப்பதே இல்லை. ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் கையடக்க ஸ்பீக்கர்களுக்குச் சி வகைத் துளை கட்டாயமாகிவிட்டது. உலகுக்கே பொருள் செய்யும் நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று செய்துகொண்டிருப்பதில்லை. எனவே இங்கும் பழைய மைக்ரோ துளை மெல்ல மறைந்து வருகிறது. ஆனால் துளையின் வடிவம் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் முறையாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

65 வாட் மடிக்கணினிச் சார்ஜரில் மாட்டினால் சின்ன ஸ்பீக்கர் எரிந்துவிடுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். தரமான சார்ஜராக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது 5 வோல்ட்டில்தான் தொடங்கும். எதிரே இருப்பது கேட்டால் மட்டுமே கூட்டும். 65 வாட் என்பது அதனால் கொடுக்க முடிந்த அளவு, திணிக்கும் அளவு அல்ல. தரமில்லாத அடாப்டர்தான் ஆபத்து. சுவரில் நேராகச் செருகும் அடாப்டருக்கு நம் நாட்டில் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சிரிம் முத்திரை இல்லாததை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், 230 வோல்ட் மின்சாரத்துக்கும் உங்கள் பிள்ளையின் கைக்கும் நடுவில் வைக்காதீர்கள்.

காரிலும் மடிக்கணினியிலும் மாட்டிவிட்டு "ஏறவே மாட்டேங்குது" என்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய வகை யூ.எஸ்.பி. துளை தருவது 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட். 4,800 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர் பேட்டரி ஏறக்குறைய 18 வாட் மணி கொள்ளும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு சத்தமாகப் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தால் வருவதைவிடப் போவது அதிகம். பவர் பேங்க்கின் பிரச்சினை வேறு. மிகச் சிறிய ஸ்பீக்கர்கள் இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால், எதுவும் மாட்டப்படவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

கையில் ஒரு யூ.எஸ்.பி. மீட்டர் இருந்தால் இந்த ஊகங்களில் பாதி தேவையில்லை. விரல் அளவுக் கருவி. இயங்கலையில் மலிவாகக் கிடைக்கிறது. அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும். ஆம்பியர் இடத்தில் 1 அல்லது 2 என்று வந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது, விளக்குதான் கெட்டிருக்கிறது. 0.05, 0.1 என்று வந்தால் பேட்டரி மிக ஆழமாகக் காலியாகியிருக்கிறது, அல்லது நிறையப் போகிறது. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் கேபிள், துளை, சர்க்கியூட் ஆகியவற்றில் ஒன்றில் வழி அடைபட்டிருக்கிறது.

துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

பையிலும் கார் இருக்கைக்கு அடியிலும் கிடக்கும் ஸ்பீக்கரின் துளையில் நூல் தூசு புகுந்து, ஒவ்வொரு முறை செருகும்போதும் அழுந்தி, கடைசியில் மெத்தைபோல் அடித்தளத்தில் உட்கார்ந்துவிடும். கேபிள் முழுதாக உள்ளே போகாது. போனதுபோல் இருக்கும், ஆனால் லேசாக இழுத்தால் வந்துவிடும். ஸ்பீக்கரை அணைத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின், கொண்டை ஊசி வேண்டாம். உள்ளே இருக்கும் தொடுமுனைகள் மெல்லியவை. ஒன்று வளைந்தால் பக்கத்துத் தொடுமுனையோடு சேர்ந்து குறுக்குச்சுற்று ஆகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஐ.பி.எக்ஸ்.7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற சோதனை. அது நல்ல தண்ணீரில் நடத்தப்படுவது. போர்ட்டிக்சன் கடலின் உப்புநீரோ, நீச்சல் குளத்தின் குளோரினோ அந்தக் கணக்கில் இல்லை. துளைக்கு மேல் ரப்பர் மூடி இருந்தால் அது இறுக மூடியிருக்கும்போது மட்டுமே அந்த வாக்குறுதி செல்லும். கடற்கரைக்குப் போய்வந்த இரவே ஈரத்தோடு சார்ஜரில் மாட்டுவதுதான் பல ஸ்பீக்கர்களுக்கு எமனாக அமைகிறது. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் தொடுமுனைகள் அரித்துப் பச்சை படிந்துவிடும். கடலில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, மின்விசிறிக் காற்றில் முழு நாள் உலரவிட்ட பிறகே கேபிளைத் தொடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம்.

கேபிளைச் செருகினால் துளையே ஆடுகிறது என்றால் உள்ளே பற்று விட்டுப்போயிருக்கிறது. பழைய மைக்ரோ வகையில் இது சகஜம். வீட்டில் செய்யும் வேலையல்ல, ஆனால் பெரிய வேலையும் அல்ல. கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் சார்ஜ் துளையை மாற்றுவது அன்றாட வேலை. ஸ்பீக்கரையும் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நீர்புகா ஸ்பீக்கரை ஒருமுறை திறந்து மூடினால் அந்த நீர்புகாத் தன்மை பழையபடி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பேட்டரி தூங்குகிறதா, செத்துவிட்டதா?

போன தீபாவளிக்குப் பாடியது, இந்தத் தீபாவளிக்கு எடுத்தால் உயிரில்லை. லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்லக் காலியாகும். ஸ்பீக்கரின் சர்க்கியூட் விழித்தபடி இருந்து இன்னும் கொஞ்சம் உறிஞ்சும். ஒரு செல்லின் வழக்கமான அளவு 3.7 வோல்ட். அது 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், சார்ஜ் சர்க்கியூட் எடுத்த எடுப்பில் முழு மின்னோட்டத்தைக் கொடுக்காது. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதுபோல், வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்க்கும். அந்த நேரத்தில் விளக்கு எரியாமலும் இருக்கலாம். பத்து நிமிடம் பொறுங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். வெகுநாள் கிடந்த ஸ்பீக்கராக இருந்தால் ஒரு மணி நேரம்கூட விட்டுப் பார்க்கலாம், கண்பார்வையில் இருக்கும் இடத்தில். சில சர்க்கியூட்கள் குறிப்பிட்ட நேரத்துக்குள் பேட்டரி எழும்பாவிட்டால் முயற்சியை விட்டுவிடும். அப்போது கேபிளைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். சிலவற்றில் பவர் பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் உறைந்துபோன சிப் மீண்டும் தொடங்கும். உங்களுடையதில் எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும்.

மாதக்கணக்கில் மிகக் கீழான வோல்ட்டில் கிடந்த செல்லைச் சர்க்கியூட் ஏற்க மறுத்தால் அது நம் நன்மைக்கே. உள்ளே வேதிமாற்றம் நடந்து, ஏற்றும்போது குறுக்குச்சுற்று ஆகும் நிலைக்கு அது வந்திருக்கலாம். இணையக் காணொலிகளில் ஒருவர் வேறொரு பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி இழுத்து "உயிர்ப்பிப்பார்". அதைப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். சர்க்கியூட் மூடிய கதவை நாம் உடைத்துத் திறப்பதற்குச் சமம் அது.

வெயிலும் ஒரு காரணம். லித்தியம் பேட்டரியை 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரையில்தான் சார்ஜ் செய்யலாம். நண்பகலில் திறந்தவெளியில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகையை எளிதாகத் தாண்டும். அதிலிருந்து எடுத்துவந்து உடனே மாட்டினால், ஒழுங்கான ஸ்பீக்கர் சார்ஜை மறுக்கும். ஒழுங்கில்லாதது ஏற்றிக்கொண்டு பேட்டரியைக் கெடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் அரை மணி நேரம் ஆறட்டும்.

இனி, உடனே நிறுத்த வேண்டிய கட்டம். ஸ்பீக்கரின் உடல் எங்காவது புடைத்திருந்தால், பொத்தான்கள் உள்ளிருந்து தள்ளப்பட்டதுபோல் இறுகியிருந்தால், நகப்பூச்சு கலைக்கும் திரவம் போன்ற இனிப்புக் கலந்த நெடி வந்தால், சார்ஜில் இருக்கும்போது கை வைக்க முடியாத அளவு சுட்டால், மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். பிளக்கை அணைத்துக் கழற்றுங்கள். வாசலுக்கு வெளியே, சிமெண்ட் தரையில், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகை வரத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு ஓட முயலாமல் வீட்டிலிருப்பவர்களை வெளியேற்றிவிட்டு 999-ஐ அழையுங்கள். மெத்தையிலும் சோபாவிலும் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். தீ பிடிப்பது அரிது. பிடித்தால் தூங்கிக்கொண்டிருப்பவருக்கு நேரம் இருக்காது.

பேட்டரி உண்மையிலேயே தேய்ந்துபோனதும் உண்டு. முந்நூறு, ஐந்நூறு முறை முழுதாக ஏறி இறங்கிய லித்தியம் செல், புதிதில் கொண்டதில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் கொள்ளும். பிறகு சரிவு வேகமாகும். அதை மாற்றலாம். பல ஸ்பீக்கர்களுக்குள் இருப்பது 18650 என்ற உருளை செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். அந்த அளவு செல்லில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு இயங்கலையில் விற்கிறார்கள். பச்சைப் பொய். நல்ல நிறுவனங்களின் செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. அப்படிப் பொய் எண் போட்டதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கர்

கோயில் நிகழ்ச்சிக்கும் கரோக்கேக்கும் இழுத்துச் செல்லும் டிராலி ஸ்பீக்கரின் கதை வேறு. அவற்றில் பலவற்றுக்குள் இருப்பது லித்தியம் அல்ல, மூடிய ஈய-அமில பேட்டரி. 12 வோல்ட், 4.5 அல்லது 7 ஆம்பியர் மணி. தூக்கிப் பார்த்தாலே தெரியும், அந்தக் கனம் பேட்டரியினுடையது.

லித்தியத்துக்குப் பாதி சார்ஜில் ஓய்வு பிடிக்கும். ஈய-அமிலத்துக்குக் காலியாகக் கிடப்பது அறவே பிடிக்காது. நிகழ்ச்சி முடிந்ததும், களைப்பில் அப்படியே ஸ்டோருக்குள் தள்ளிவிடுகிறோம். அடுத்த விழா வரைக்கும் யாரும் தொடுவதில்லை. அந்த மாதங்களில் ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் படிகம் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் போட்டால் அரை மணியிலேயே "நிறைந்துவிட்டது" என்று பச்சை விளக்கு காட்டும். மைக்கை எடுத்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அணையும். இந்தப் பொய்ப் பச்சைதான் அடையாளம். மல்டிமீட்டர் இருந்தால் சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். நிறைந்த பேட்டரி 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12-க்குக் கீழே என்றால் காலி. 10.5-க்குக் கீழே நெடுநாள் கிடந்தது திரும்ப எழுவது கடினம்.

நல்ல செய்தி என்னவென்றால், இதே 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரியைத்தான் நம் வீட்டு ஆட்டோகேட்டிலும் திருட்டு எச்சரிக்கை மணியிலும் வைக்கிறார்கள். ஆட்டோகேட் பொருத்தும் கடைகளிலும் வன்பொருள் கடைகளிலும் கிடைக்கும். சில பத்து வெள்ளியில் முடியும் வேலைக்காகப் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய டிராலி ஸ்பீக்கரைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பழையதைக் கழற்றி, கையோடு கொண்டுபோய், அளவும் வோல்ட்டும் முனைகளின் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிவப்பு வயர் கூட்டல், கறுப்பு கழித்தல். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கனம் குறையட்டும் என்று ஈய-அமிலத்தின் இடத்தில் லித்தியத்தை வைக்காதீர்கள். அதன் சார்ஜ் சர்க்கியூட் ஈயத்துக்காகச் செய்யப்பட்டது.

பேட்டரியை மாற்றுமுன் டிராலியின் அடாப்டரையும் பாருங்கள். வட்ட முனை அடாப்டர்கள் சில 9 வோல்ட், சில 12, சில 15. முனை எல்லாம் ஒரே மாதிரி உள்ளே போகும். சி வகைபோல் கேட்டுக் கொடுக்கும் பண்பு இவற்றுக்கு இல்லை, இருப்பதைக் கொட்டிவிடும். ஸ்பீக்கரின் பின்புறம் அச்சிட்ட எண்ணும் அடாப்டரின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நேரடி மின்கம்பி உள்ள வகையில், மூன்று முனைப் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் உண்டு. ஸ்பீக்கரின் பின்புறம், கம்பி செருகும் இடத்துக்கு அருகிலும் ஒன்று இருக்கலாம். கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு பார்த்து, அதே ஆம்பியர் அளவில் மாற்றுங்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் அந்தக் காலத்து வித்தையை மறந்துவிடுங்கள். மாற்றிய ஃபியூஸ் உடனே மறுபடி போனால், உள்ளே வேறு கோளாறு இருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

கடைக்காரர் மறுத்தால்

வாங்கிச் சில மாதங்களே ஆன ஸ்பீக்கர் என்றால் திறக்கவே திறக்காதீர்கள். திறந்த தடயம் இருந்தால் உத்தரவாதம் போச்சு. ரசீதோடு கடைக்குப் போங்கள். 'ஒரு வாரத்துக்குள் மட்டுமே மாற்றித் தரப்படும்' என்று ரசீதில் அச்சடித்திருக்கலாம். ஆனால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கடையின் நிபந்தனை அந்தச் சட்டத்தை மீறி நிற்காது. பழுதுபார்ப்புக்கும் உதிரிப்பாகத்துக்கும் நியாயமான காலம் வரை வழி இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, விவகாரம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம். இயங்கலையில் வாங்கியதும் இதில் அடங்கும். ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் நடைமுறையில் பிடிப்பது சிரமம். எனவே இயங்கலையில் வாங்கும்போது விற்பவரின் உள்நாட்டு முகவரியையும் பார்த்துக்கொள்வது நல்லது. 60 வெள்ளி ஸ்பீக்கருக்கு இதெல்லாம் தேவையா என்று தோன்றும். என்னைக் கேட்டால், 5 வெள்ளி கட்டணம் வைத்ததே அப்படிப்பட்ட தொகைகளுக்காகத்தான்.

எல்லாம் பார்த்தும் இனி ஆகாது என்றால், சமையலறைக் குப்பையோடு கட்டிப் போடக்கூடாது. குப்பை லோரி அழுத்தும்போது லித்தியம் செல் நசுங்கித் தீப்பிடிக்கும். வண்டியில் நிற்பவர்களுக்குத்தான் அந்த ஆபத்து. செல்லைத் தனியே எடுக்க முடிந்தால் இரு முனைகளிலும் டேப் ஒட்டுங்கள். எடுக்க முடியாவிட்டால் ஸ்பீக்கரை அப்படியே கொடுக்கலாம். மின்கழிவு வாங்கும் மையங்களின் பட்டியலைச் சுற்றுச்சூழல் துறையிடம் பெறலாம். சில பேரங்காடிகளிலும் ஊராட்சி மன்றங்களிலும் மின்கழிவுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். டிராலியிலிருந்து கழற்றிய ஈய பேட்டரிக்கு இவ்வளவு அலைச்சல்கூட இல்லை. ஈயத்துக்கு எடைக்கு விலை உண்டு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள்.